செயலாளர் ஆண்டறிக்கை 2025: சிட்னி முழுச் சூரிய கிரகணப் பயண ஏற்பாடு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, சங்கத்தின் மூத்தோரே, இளையோரே, அனைவருக்கும் வணக்கம்.

2025ஆம் ஆண்டுக்கான செயலறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள், தமிழ்ப்பள்ளிகளில் நடந்த தொலைநோக்கி நிகழ்வுகள், நூலகப் பதிவு ஆகியவை பின்னிணைப்பில் உள்ளன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சங்கப் பதிவிலாகாவுக்குரிய ஆண்டு அறிக்கை, இக்கூட்டம் முடிந்து 60 நாள்களுக்குள் போய்ச் சேரும். ஆண்டின் பெரும்பகுதி ஒரே காரியத்தில் போனது: 2028 ஜூலை 22, சனிக்கிழமை, சிட்னியில் தெரியவிருக்கும் முழுச் சூரிய கிரகணம். ஆகவே இந்த அறிக்கையும் அதைச் சுற்றியே அமைகிறது.

ஏன் சிட்னி, ஏன் லக்சர் இல்லை

2027 ஆகஸ்ட் 2ஆம் தேதி எகிப்தின் லக்சர் அருகே முழு மறைவு 6 நிமிடத்துக்கு மேல் நீடிக்கும். ஆகஸ்டில் அங்கே மேகம் என்ற பேச்சே இல்லை. வானத்தை மட்டும் பார்த்தால் லக்சரை விடுவது தவறுதான். செயலவையில் இருவர் இன்றும் அப்படியே சொல்கிறார்கள். ஆனால் மறைவு நடப்பது பிற்பகல் 1 மணியளவில், சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் நிற்கும்போது. வெப்பம் 40 பாகையைத் தொடும். நம்மில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். விடுதி அறைகளையும் நைல் படகுகளையும் சுற்றுலா நிறுவனங்கள் மொத்தமாகப் பிடித்துத் தொகுப்பாக விற்கின்றன. தனியாகப் போய் அறை தேடினால் கிடைப்பது அரிது. லக்சர் போக விரும்புவோருக்கு நாம் தடையில்லை. சங்கத்தின் பெயரில் அந்தப் பயணம் இல்லை, அவ்வளவே.

சிட்னியில் முழு மறைவு மூன்றே முக்கால் நிமிடத்துக்குச் சற்று மேல். கோலாலம்பூரிலிருந்து நேரடி விமானத்தில் எட்டு மணி நேரம். நம் உறுப்பினர்கள் பலருக்கு அங்கே மேற்குப் புறநகர்களில் அண்ணன், அக்காள், மகள் வீடு இருக்கிறது. கிரகணத்தின் மத்தியக் கோடு, அதாவது நிழல் பாதையின் நடுக்கோடு, ஏறக்குறைய நகரின் மேலேயே போவதால், உறவினர் வீட்டிலிருந்து பார்த்தாலும் துறைமுகக் கரையிலிருந்து பார்த்தாலும் வித்தியாசம் சில வினாடிகள்தான். அந்த நகரம் இதற்கு முன் முழு மறைவைக் கண்டது 1857இல், அடுத்தது 2858இல். உள்ளூர்க்காரர்களே திரண்டு வெளியே வருவார்கள் என்பதற்கு வேறு காரணம் வேண்டாம்.

கூட்டம்

நமக்கு உண்மையான எதிரி மேகம் அல்ல, கூட்டம். 2024 ஏப்ரல் 8 அமெரிக்கக் கிரகணத்தின் பாதைக்குள் வசித்தவர்கள் மட்டுமே 3 கோடியே 16 லட்சம் பேர். 2017 கிரகணப் பாதையில் அது 1 கோடியே 20 லட்சம்தான். இரண்டு முறையும் நெரிசல் வந்தது ஒரே நேரத்தில்: மறைவு முடிந்த பிறகு. வருகிறவர்கள் இரண்டு மூன்று நாள்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்கிறார்கள். திரும்பும்போது எல்லாரும் ஒரே மணி நேரத்தில் வண்டியைக் கிளப்புகிறார்கள். வந்தபோது தாங்கிய சாலை போகும்போது தாங்காது. பகுதி கிரகணம் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் என்பதைக் கவனிக்காமல், வைர மோதிரம் (மறைவின் முடிவில் சூரியன் ஓரத்தில் மின்னும் ஒளிப்பொட்டு) மறைந்த மறுநிமிடமே கிளம்புகிறவர்கள்தான் பெரும்பான்மை.

கூட்டம் பெரிதாக இருந்தாலும் சமாளிக்கலாம் என்பதற்கு மேற்கு ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் உதாரணம். 2023 ஏப்ரல் 20இல் ஏறத்தாழ ஒரு நிமிட மறைவுக்காக, மூவாயிரம் பேர்கூட இல்லாத அந்தச் சிற்றூருக்கு அதைப்போலப் பல மடங்கு மக்கள் வந்தனர். அங்கே சமாளிக்க முடிந்ததற்குக் காரணம், பலரும் சில நாள் முன்பே வந்து தங்கியதும், கிரகணம் முடிந்த உடனே கிளம்பாததும்தான்.

சிட்னி பெருநகரில் 50 லட்சத்துக்கு மேற்பட்டோர் வசிக்கிறார்கள். ஆக, கூட்டம் வரப்போவதில்லை, ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது. அது வெளியே வந்து எங்கே போகும் என்பதுதான் கேள்வி. ஒரு பகுதி துறைமுகக் கரைக்கு. இன்னொரு பகுதி தெளிவான வானம் தேடி மலை தாண்டி மேற்கே. அந்த மலைத்தொடரான புளூ மவுண்டன்சைக் கடக்கப் பெரிய சாலைகள் இரண்டுதான். அன்று காலை அவற்றில் ஏறுவது சிக்கிக்கொள்வதற்குச் சமம். இந்த இரண்டு திசைகளையும் விடுத்து, தங்குமிடத்திலிருந்து நடந்தே போகக்கூடிய ஒரு திடலில் உட்கார்வது என்று செயலவை முடிவெடுத்திருக்கிறது. வாடகைப் பேருந்து கிடையாது. இது ஏமாற்றமாகத் தோன்றலாம். ஆனால் பேருந்துக்குள் மாட்டிக்கொண்டு சன்னல் வழியாகப் பார்ப்பதைவிட மேல்.

திடலைத் தேர்வது

மறைவு பிற்பகல் 2 மணியை ஒட்டி. அப்போது சூரியன் வடமேற்குத் திசையில், சரியாகச் சொன்னால் வடக்கிலிருந்து மேற்காக 32 பாகை தள்ளி, அடிவானத்திலிருந்து 29 பாகை உயரத்தில் இருக்கும். கையை முழுவதும் நீட்டி முஷ்டியை அடிவானத்தில் வைத்தால் ஒரு முஷ்டி 10 பாகை. மூன்று முஷ்டி உயரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். 20 மீட்டர் உயரக் கட்டடம் வடமேற்கில் இருந்தால் அதிலிருந்து குறைந்தது 40 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். யூக்கலிப்டஸ் மரங்கள் அதைவிட உயரமாக வளரும். குளிர்காலத்திலும் இலை உதிர்க்காது.

வரைபடத்தை நம்பி இடம் பிடிக்கக் கூடாது. மறைவு நேரத்தில் சூரியன் அதே திசையில் அதே உயரத்தில் நிற்கும் நாள்கள் ஆண்டுக்கு இரண்டு: ஜூலை 22, பிறகு மே 21 அல்லது 22. ஜூலையில் பிற்பகல் 2 மணிக்கும், மே மாதத்தில் 1.50க்கும் (கடிகார நேரத்துக்கும் சூரிய நேரத்துக்கும் உள்ள வேறுபாடு அந்தப் பத்து நிமிடம்) திடலில் நின்று சூரியன் இருக்கும் திசையைப் படம் எடுத்து அனுப்பும்படி சிட்னியிலுள்ள உறவினர்களைக் கேட்டிருக்கிறோம். அந்தப் படத்தில் கிளையோ கூரையோ குறுக்கே வந்தால் அந்த இடம் வேண்டாம். நேராகச் சூரியனைப் பார்க்காமல், நிழல் விழும் திசையைக் குறித்தாலும் போதும்.

மற்ற நிபந்தனைகள்: வீட்டிலிருந்து அதிகபட்சம் 25 நிமிட நடை, இரண்டு வாசல், கழிப்பறை. இந்த மூன்றாவது அலட்சியப்படுத்தக் கூடியது அல்ல. பகுதி கிரகணம் 1 மணிக்கு முன்பே தொடங்கிவிடும், 1.15க்குப் பிறகு யாரும் கழிப்பறை வரிசையில் நிற்கக் கூடாது என்பது நமது விதி. 1.55க்கு வரிசையில் பத்தாவதாக நிற்பவர் சிட்னி வந்ததே வீண்.

மேகம் வந்தால்

சிட்னியில் குளிர்காலப் பின்பாதி, ஆண்டின் தெளிவான காலங்களில் ஒன்று. உள்நாட்டிலிருந்து வீசும் மேற்குக் காற்று வறண்டது. கிழக்கிலிருந்து கடற்காற்று வந்தால்தான் மேகம் சேரும். வியாழன் இரவு முன்னறிவிப்பு மோசமாக இருந்தால், இரண்டு கார்களில் எட்டுப் பேர் கொண்ட குழு வெள்ளி அதிகாலையே மலைக்கு மேற்கே உள்ள மட்ஜி அல்லது டப்போ ஊர்ப் பக்கம் போய் அங்கேயே இரவு தங்கும். வெள்ளி மாலைக்குப் பிறகு எவரும் ஊர் மாற்றக் கூடாது. ஹிமாவாரி என்ற வானிலைச் செயற்கைக்கோள் 10 நிமிடத்துக்கு ஒரு படம் தருகிறது. அதைப் பார்த்துவிட்டுச் சனி காலை 11 மணிக்கு, ‘அந்தப் பக்கம் நீலமாகத் தெரிகிறது’ என்று ஓட ஆசை வரும். ஓடுபவர் மறைவு நேரத்தில் போக்குவரத்து விளக்கின் கீழ்தான் நிற்பார்.

கண்ணாடியும் கருவிகளும்

சூரியனைப் பார்ப்பதற்கான ஐஎஸ்ஓ 12312-2 தரக் கண்ணாடிகளை மொத்தமாக வாங்க அனுமதி கோருகிறோம். நம் ஊர் ஈரக்காற்றில் அட்டைக் கண்ணாடி பூஞ்சணம் பிடிக்கும், படலம் ஓரம் விட்டு எழும்பும். ஆகவே சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில், மடிக்காமல் வைக்க வேண்டும். 2019 டிசம்பர் 26 கிரகணத்துக்கு வாங்கியவற்றை வீட்டில் வைத்திருப்போர், பளிச்சென்ற எல்இடி விளக்கின் முன் பிடித்துப் பாருங்கள். ஊசித்துளை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் கத்தரித்துக் குப்பையில் போடுங்கள். பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

தொலைநோக்கி, கேமரா, இருகண்ணோக்கி எதுவானாலும் வடிகட்டி முன்பக்க லென்சில் இருக்க வேண்டும். கிரகணக் கண்ணாடியை அணிந்துகொண்டு இருகண்ணோக்கியில் பார்ப்பது, குவிந்த வெயிலில் கண்ணைப் பொசுக்கிக்கொள்வது. வடிகட்டியை நாடாவால் ஒட்டிவையுங்கள், காற்று பிடுங்கும்.

முழு மறைவின்போது தெரியும் கரோனாவின் (சூரியனைச் சுற்றியுள்ள ஒளிவட்டம்) வெளிச்சம் ஏறக்குறைய முழு நிலவளவுதான். எனவே பௌர்ணமி நிலவை வைத்துப் பயிற்சி செய்யலாம். நிலவும் சூரியனும் வானில் ஒரே அளவு. 400 மில்லிமீட்டர் லென்சில் பிம்பம் மூன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரும். குவியத்தைச் சரிசெய்ததும் வளையத்தை நாடா ஒட்டி அசையாமல் வையுங்கள். கரோனாவின் உள்பகுதிக்கும் வெளிப்பகுதிக்கும் வெளிச்சம் பெரிதும் மாறுவதால் 1/1000 வினாடியிலிருந்து 1 வினாடி வரை படிப்படியாக எடுக்க வேண்டும். ஒரே அளவில் எடுத்தால் ஏதாவது ஒரு பகுதி கெடும். கைப்பேசியில் பிளாஷ் விளக்கின் மேல் கறுப்பு நாடா ஒட்டுவது கட்டாயம். இருட்டியதும் அது தானாக மின்னி, பக்கத்திலிருப்போர் கண்ணைக் கெடுக்கும்.

முழு மறைவு தொடங்கியதும் கண்ணாடியைக் ‘கழற்று’, முடியும்போது ‘போடு’ என்று உரக்கச் சொல்ல ஒருவரை நியமிக்கிறோம். மறைவு தொடங்கிய 3 நிமிடம் 20 வினாடியில் அவர் முதல் எச்சரிக்கை தருவார். அவர் படம் எடுக்கக் கூடாது.

பணமும் பயணமும்

சுற்றுலா நடத்த உரிமம் பெற்ற அமைப்பு அல்ல நாம். ஆகவே பயணக் கட்டணம் எதையும் சங்கம் வசூலிக்காது. அவரவர் டிக்கெட்டை அவரவரே வாங்க வேண்டும். ‘கூட்டுப் பிடிக்கலாமே’ (மாதாமாதம் பணம் போட்டு முறைவைத்து எடுக்கும் சீட்டு) என்று சில சகோதரிகள் கேட்டார்கள். மலேசியாவின் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம் என்பதைச் செயலவை சிரித்துக்கொண்டே தெரிவித்தது. விமான நிறுவனங்கள் பெரும்பாலும் பயணத்துக்கு 11, 12 மாதம் முன்புதான் விற்பனையைத் திறக்கும். அதாவது 2027 ஜூலை, ஆகஸ்டு. குறைந்தது புதன்கிழமைக்குள் போய்ச் சேர்ந்து, திங்கள் அல்லது செவ்வாய் திரும்புமாறு தேதி பாருங்கள். ஞாயிறு திரும்பும் விமானம் விலையிலும் வரிசையிலும் பழிவாங்கும்.

ஆஸ்திரேலியாவுக்கான மின்னணுப் பயண அனுமதி ஓராண்டுதான் செல்லும். அதைவிட முக்கியம், அது கடப்பிதழ் (பாஸ்போர்ட்) எண்ணோடு கட்டுண்டது. அனுமதி பெற்ற பிறகு கடப்பிதழைப் புதுப்பித்தால் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். முதலில் கடப்பிதழ், 2028 தொடக்கத்தில் அனுமதி என்ற வரிசையை மாற்றாதீர்கள். கறிவேப்பிலை, பழம், விதை, இறைச்சி எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். ஊறுகாய், மசாலாத்தூள் உட்பட எந்த உணவானாலும் வருகை அட்டையில் அறிவித்துவிடுங்கள், மறைத்தால்தான் அபராதம். கிரகணத்தின்போது உண்ணாதிருக்க விரும்புவோர் 12 மணிக்குள் சாப்பிட்டுவிடலாம். மற்றவர்களை யாரும் கேட்கப்போவதில்லை. கம்பளி உடை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் பகல் வெப்பமே 17 பாகையளவு, மறைவில் அது இன்னும் இறங்கும்.

மறைவு முடிந்ததும் 4 மணி வரை யாரும் திடலை விட்டுக் கிளம்புவதில்லை. சூரியன் 5 மணி கடந்து சிறிது நேரத்தில் மறையும், அதற்குள் நடந்து வீடு சேரலாம். அந்த நேரத்தில் கைப்பேசிச் சேவை திணறும். புலன (வாட்ஸ்அப்) குழுவை நம்பாமல், கூடுமிடத்தையும் நேரத்தையும் தாளில் எழுதிப் பிள்ளைகள் சட்டைப்பையில் வையுங்கள்.

வராதவர்களுக்கு: அன்று காலை கோலாலம்பூரிலும் பகுதி கிரகணம் தெரியும். தித்திவங்சா ஏரிக்கரையில் ஒரு தொலைநோக்கியும் ஊசித்துளைப் பெட்டிகளும் வைக்கலாம் என்பது யோசனை. பொறுப்பேற்க இருவர் தேவை.

பெயர் கொடுக்க விரும்புவோர் வரும் ஜூன் மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அதற்குப் பின் வருவோர் தங்குமிடத்தை அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். இவ்வறிக்கையை ஏற்று, கண்ணாடி வாங்கும் செலவுக்கு ஒப்புதல் வழங்குமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.

செயலாளர்
கோலாலம்பூர்