கடை நானாவுக்கும் எல்லோருக்கும்

மரபணுக் குறையால் பார்வை மங்கியிருந்த மகளின் இரண்டாவது கண்ணுக்கும் மருந்து விட்டு ஆறு கிழமை ஆகிறது. போன சனிக்கிழமைதான் கொழும்புக்குத் திரும்பினோம். நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும், மறுபடி சொல்ல எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

மரபணுப் பரிசோதனை செய்தே ஆகவேண்டும் என்று விடாப்பிடியாக நின்ற டொக்டர், பழுதான மரபணுவுக்கு ஆர்.பி.ஈ. 65 என்ற பெயரைக் கேட்டு நாங்கள் அழுதபோது "அழாதேங்கோ, இந்தக் குறைக்கு மருந்து இருக்கு" என்ற தாதி, அமெரிக்காவில் 850,000 டொலர் விலையோடு வந்த லக்ஸ்டர்னா என்ற அந்த மருந்துக்காக ஊர் ஊராகக் கேட்டலைந்த லண்டன், டொரொண்டோ சொந்தங்கள், பள்ளிக்கூட ஆசிரியைகள், எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

ஆனால் இதை எழுத உட்கார்ந்தது எங்கள் ஒழுங்கை முனையில் கடை வைத்திருக்கும் நானாவை நினைத்துத்தான்.

வெள்ளவத்தையில் ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும். நான் வேலை முடிந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வர ஏழாகும். மங்கல் வெளிச்சத்தில் அவளுக்கு என் முகமே தெரியாது. ஒழுங்கையோரத் தண்ணீர்க் கானின் மூடி ஒன்று உடைந்து கிடந்தது, ஒருநாள் அதற்குள் கால் போய் முழங்கால் கிழிந்துவிட்டது. மறுநாள் பார்த்தால் கடை வாசலில் பெரிய பல்ப், கானைப் பார்த்துத் திருப்பிக் கட்டியிருந்தது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அந்த நாட்களில் கடைக்குள் மெழுகுதிரியை வைத்துவிட்டு, சார்ஜ் லைட்டோடு தானே கானடியில் வந்து நிற்பார். சாமான் வாங்க யாராவது கூப்பிட்டால், "கொஞ்சம் பொறுங்க, புள்ள வர்ற நேரம்" என்பார். என்ன வருத்தம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் "வெளிச்சம் போதுமா மகள்?" என்பதுதான்.

இந்த மருந்து இப்படித்தான்: நோய் பரப்பாதபடி மாற்றிய வைரஸ் ஒன்றில் நல்ல மரபணுவை ஏற்றி, விழித்திரைக்கு அடியில் விடுகிறார்கள். விழித்திரையில் உயிருள்ள கலங்கள் மிச்சமிருந்தால்தான் பலன். அதனால் சொல்கிறேன்: குழந்தை முகத்தைப் பார்க்காமல் விளக்கையே பார்த்தால், இருட்டில் தடுமாறினால், காத்திருக்காதீர்கள். எங்களிடம் வாருங்கள், எந்த வீட்டுப் பிள்ளையானாலும் பரிசோதனைக்கு நானே கூட வருவேன்.

நேற்று மாலை ஒழுங்கைக்குள் மகள் என் கையை விட்டாள். உடைந்த மூடியடியில் நின்று பார்த்து, காலை எட்டி வைத்துத் தாண்டினாள். அப்புறம் நேரே கடைக்குப் போய், "நானா, லைட்டை நிப்பாட்டுங்கோ, திரும்ப நடந்து காட்டுறன்" என்றாள். நிப்பாட்டினார். அவள் மெல்ல நடந்து போய்த் திரும்பி வரும்வரை நானா சுவிட்சிலிருந்து கையை எடுக்கவேயில்லை.