பையைக் கவிழ்த்துப் பார்

அன்புள்ள கதிருக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று போனில் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாய். உன் அறைத்தோழன் உன் முதுகுப்பையை ஒரு வாரம் எடுத்துப்போய்த் திருப்பித் தந்தானாம். அவன் கஞ்சா பிடிப்பவன் என்று முன்பொரு முறை சொன்னவனும் நீதான். அதே பையோடுதான் சிங்கப்பூரில் இரண்டு நாள் தங்கிவிட்டு வரப்போகிறாய். போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

"இங்கே கடையிலேயே விற்கிறார்கள்பா" என்பாய். தெரியும். கனடாவில் 2018 முதல் வயது வந்தவர் 30 கிராம் உலர்ந்த கஞ்சாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போலீஸ்காரர் முன்னால் நடக்கலாம். எல்லையைத் தாண்டி எடுத்துப்போனால் மட்டும் அங்கேயே அது குற்றம்.

அந்த 30 கிராமை ஊர் ஊராகக் கொண்டுபோய் வைத்துப் பார். ஜெர்மனியில் 2024 முதல் வெளியில் 25 கிராம் வரை வைத்திருக்கலாம். 30 என்றால் அபராதம். இந்தியாவில் அது 'சிறிய அளவு': ஒரு வருடம் வரை சிறை, இல்லை 10,000 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும். சிங்கப்பூரில் 15 கிராமைத் தாண்டினாலே விற்கத்தான் வைத்திருக்கிறாய் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது உன் வேலை. முடியாவிட்டால் குறைந்தது 5 வருடம், 5 பிரம்படி. 500 கிராமைத் தாண்டிக் கடத்தினால் தூக்கு.

நான் பெஞ்ச் கிளார்க்காக இருந்தபோது வந்த ஒரு வழக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. கல்லூரிப் பையன். நண்பன் வைத்துக்கொள்ளச் சொன்ன பொட்டலம் என்றான். அரக்கு முத்திரை உடைத்து மேஜையில் பிரித்தபோது காய்ந்த வைக்கோல் மாதிரிதான் இருந்தது. மகஜரில், அதாவது போலீஸ் கைப்பற்றியதை எழுதிவைத்த பத்திரத்தில், எடை 1 கிலோ 100 கிராம். கஞ்சாவில் ஒரு கிலோ வரைதான் சிறிய அளவு. அதற்கு மேல் 20 கிலோ வரை இடைப்பட்ட அளவு, 10 வருடம் வரை சிறை. அவன் வக்கீல் ஒரு மணி நேரம் அந்த 100 கிராமோடுதான் மல்லுக்கட்டினார். பூவும் காயும் பிடித்த நுனிதான் சட்டப்படி கஞ்சா, இலையையும் விதையையும் கழித்துவிட்டு நிறுத்துப் பாருங்கள் என்றார். நுனியோடு சேர்ந்து வந்த இலையைக் கழிக்க முடியாது என்று நீதிபதி சொல்லிவிட்டார். நம் கோர்ட்டுத் தமிழில் குற்றம்சாட்டப்பட்டவருக்கு 'எதிரி' என்றுதானே பெயர். அந்த எதிரிக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை.

பொருளுக்குப் பொருள் கோடு வேறு. ஹெராயினில் 5 கிராம் வரை சிறிய அளவு, 250 கிராமைத் தாண்டினால் வணிக அளவு. எல்.எஸ்.டி. என்ற மாயத்தோற்றம் காட்டும் போதைமருந்தில் 0.1 கிராமைத் தாண்டினாலே வணிக அளவு, நகக்கண் அழுக்கு அளவுகூட இருக்காது. வணிக அளவென்றால் 10 முதல் 20 வருடம். ஜாமீனும் லேசில் கிடைக்காது. குற்றம் செய்திருக்க மாட்டான் என்று நீதிபதிக்கே தோன்ற வேண்டும். கலப்படமும் கணக்கில் சேரும். 300 கிராம் பொடியில் 10 கிராம்தான் ஹெராயின் என்றாலும் 300-ஐயும் நிறுப்பார்கள். 2020-இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை, ஆனால் என் அபிப்பிராயத்தை யார் கேட்டார்கள்?

அமெரிக்காவில் இதைவிட வேடிக்கை. 1986 சட்டப்படி புகைக்கிற கட்டியான கிராக் கொக்கெய்ன் 5 கிராம் விற்றவனுக்கும் பொடிக் கொக்கெய்ன் 500 கிராம் விற்றவனுக்கும் குறைந்தபட்சத் தண்டனை ஒரே 5 வருடம். 2010-இல்தான் அந்த 5 கிராமை 28 ஆக்கினார்கள். ஒரேகான் மாநிலம் 2021-இல் சொந்த உபயோகத்துக்குப் போதைப்பொருள் சிறிதளவு வைத்திருப்பது குற்றமில்லை என்றது, 2024-இல் மறுபடி குற்றமாக்கியது. போர்ச்சுகலில் மட்டும் 2001 முதல் பத்து நாள் உபயோகத்துக்கான அளவு வரை கோர்ட்டே கிடையாது, ஒரு குழு முன்னால் உட்காரவைத்துப் பேசுகிறார்கள்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். "எனக்குத் தெரியாது" என்பதை எங்கேயும் சும்மா நம்ப மாட்டார்கள். சிங்கப்பூரிலும் இந்தியாவிலும் பொருள் உன்னிடம் இருந்தால் உனக்குத் தெரிந்தே இருந்தது என்றுதான் ஆரம்பிப்பார்கள். நீ யோக்கியன் என்று எனக்குத் தெரியும், தராசுக்குத் தெரியாது.

அதனால் இன்றைக்கே அந்தப் பையை வெள்ளைத் துணி மேல் கவிழ்த்துத் தட்டு. வெளி ஜிப், லேப்டாப் உறைக்குப் பின்பக்கம், அடித் தையல் எல்லாம் விரல் விட்டுப் பார். மிட்டாய் டப்பா ஏதாவது கிடந்தால் தூக்கிப் போடு. கஞ்சா கலந்த மிட்டாயும் அங்கே கடைச் சரக்குதான். ஒரு துகள் உதிர்ந்தாலும் பையே வேண்டாம், அவனிடமே கொடுத்துவிட்டு வா. புதுப் பைக்குப் பணம் அனுப்புகிறேன். "இதை அங்கே ஒருத்தரிடம் கொடுத்துவிடு" என்று யார் எதை நீட்டினாலும் வாங்காதே.

அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. பார்த்துவிட்டு எனக்கு மட்டும் போன் பண்ணு.

அப்பா