சனிக்கிழமை மாவு

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு, அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் சுகம். பாளையங்கோட்டை வெயிலைப் பற்றி உனக்குச் சொல்லவே வேண்டாம்.

ஈஸ்டர் என்றால் என்ன என்று கேட்டதற்குச் சின்னவள் "முயல் முட்டை கொண்டுவரும் நாள்" என்றாளாம். நீ வருத்தப்பட்டாய், எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்த வயதில் உனக்கும் புனித வெள்ளி என்றால் மும்மணி ஆராதனையில் என் மடியில் தூங்குகிற நாள்தான். இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைப் பற்றிய பிரசங்கத்தில் மூன்றாவதை நீ தாண்டியதே இல்லை.

பிள்ளைகளோடு சிலுவை பன், அதுதான் மேலே சிலுவை போட்ட அந்த மசாலா பன், சுடலாமா என்று கேட்டாயே, சுடு. ஆனால் சனிக்கிழமை சுடு. புனித வெள்ளிக்கான பன்னைச் சனிக்கிழமை சுடுவது என்ன முறை என்று உன் ஆச்சியும் கேட்டதுண்டு. வெள்ளி முழுக்கக் கோயிலில் இருந்துவிட்டு எப்போது பிசைவதாம்?

உங்கள் ஊர்க் கடைகளில் புத்தாண்டு முடிந்ததுமே இந்தப் பன் வந்துவிடுகிறது என்கிறாய். முதலாம் எலிசபெத் ராணி காலத்தில், 1592இல், லண்டனில் மசாலா பன்னைப் புனித வெள்ளி, கிறிஸ்மஸ், சவ அடக்க நாள் தவிர மற்ற நாளில் விற்கக்கூடாது என்று தடை போட்டிருந்தார்கள். அது இப்போதும் இருந்தால், பன் எந்த நாளுக்கானது என்று பிள்ளைகளுக்குச் சொல்வதில் உனக்குப் பாதி வேலை மிச்சம்.

பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் இடிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடு. அந்த வாசனையில் உட்கார்ந்துதான் உங்களுக்கு மாற்கு சுவிசேஷம் 16ஆம் அதிகாரம் சொன்னேன். மகதலேனா மரியாளும் மற்ற இருவரும் சுகந்தவர்க்கம் வாங்கிக்கொண்டு கல்லறைக்குப் போனது இயேசுவின் சடலத்துக்கு இடத்தான். அவர் எழுந்திருப்பார் என்று அவர்கள் நினைக்கவே இல்லை. வழியெல்லாம் அவர்களுக்கு ஒரே கவலை, அந்தக் கல்லை யார் புரட்டுவது என்று. இதைக் கேட்டுவிட்டு உன் தம்பி எழுந்துபோய் நம் அம்மிக்கல்லைத் தள்ளிப் பார்த்தான், நினைவிருக்கிறதா?

அதே வருஷம்தான் ஈஸ்ட் காலை வாரியது. பாலில் நுரையே வரவில்லை. பார்த்தும் பிசைந்துவிட்டேன், என் தப்புதான். மாவு எழும்புவதைப் பார்த்தால் உயிர்த்தெழுதல் புரியும் என்று உங்களிடம் வேறு அளந்துவிட்டிருந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து ஈரத்துணியை விலக்கினால் மாவு வைத்தது வைத்தபடி கிடக்கிறது. தம்பி என்னை நிமிர்ந்து பார்த்து, "அப்போ நாளைக்கு அவர் எழும்ப மாட்டாரா?" என்றான். எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. அப்பாதான் சைக்கிளில் போய் ஒரு பேக்கரியில் கெஞ்சி ஈஸ்ட் வாங்கி வந்தார். அந்த வட்ட அலுமினிய ஓவனில் பன் வைக்கும்போது ராத்திரி பத்து மணி.

அதற்கப்புறம் மாவையும் இயேசுவையும் ஒப்பிடுவதை விட்டுவிட்டேன். மாவை மூடி வைத்துவிட்டு, சீஷர்களுக்கு இந்தச் சனிக்கிழமை எப்படி இருந்திருக்கும் என்று மட்டும் கேட்பேன். வெள்ளிக்குப் பிரசங்கம் இருக்கிறது, ஞாயிறுக்குப் பாட்டு இருக்கிறது. நடுவில் இந்த ஒரு நாளுக்குத்தான் நம்மிடம் ஒன்றுமே கிடையாது. பிள்ளைகள் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை துணியைத் தூக்கிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். நீயாக விளக்கம் சொல்லாதே.

சரி, அளவு. அரை கிலோ மைதா, 2 டீஸ்பூன் ஈஸ்ட், வெதுவெதுப்பான பால் கால் லிட்டருக்குச் சற்று மேல், 60 கிராம் சர்க்கரை, 50 கிராம் வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி உலர்ந்த திராட்சை. பன்னிரண்டு வரும். உங்கள் குளிருக்கு மாவை ஓவனுக்குள் வைத்து விளக்கை மட்டும் எரியவிடு. உருண்டை பிடித்த பிறகு இன்னொரு முறை எழும்ப விடு. சிலுவைக்கு மைதாவைக் கெட்டியாகக் கரைத்து, கவரின் மூலையை வெட்டிப் பிழி. பெரியவன் கோணலாகப் போட்டால் திருத்தாதே. 180 டிகிரியில் இருபது, இருபத்தைந்து நிமிஷம்.

ஞாயிறு நம் ஊசிக்கோபுரம் கோயிலில் அதிகாலை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் பன் டப்பாவைத் திறக்க விடுவேன். அதை மட்டும் நீயும் விட்டுவிடாதே. மாப்பிள்ளைக்கும் சொல்லி வை, அவர் முந்திக்கொள்ளக் கூடியவர்.

போட்டோ அனுப்பு. எழும்பாமல் போனாலும் அனுப்பு.

அம்மா