ஐ மோரியும் எட்டாத முதல் பிடியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானின் சுவரேற்ற வீராங்கனை ஐ மோரியைப் பற்றித் தங்கள் இதழின் விளையாட்டுப் பகுதியில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இந்த விளையாட்டைப் பற்றி எழுதுவோர் அரிது. எழுத முன்வந்தவருக்கு என் நன்றி. ஆயினும் அக்கட்டுரை, பாரிஸ் ஒலிம்பிக்கில் மோரியின் கைக்கு எட்டாமல் போன, சுவரில் பதித்த ஒரு பிடியில் தொடங்கி அந்தப் பிடியிலேயே முடிந்துவிட்டது. உடன் அச்சிடப்பட்டிருந்த படமும் அவர் தாவித் தவறிய கணத்தின் படமே. படித்து முடித்தவர் மனத்தில் 'குள்ளமாக இருந்ததால் பதக்கத்தைப் பறிகொடுத்த பெண்' என்ற எண்ணம் மட்டுமே எஞ்சும். அவர் ஏறுவதைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து பார்த்துவரும் எனக்கு அது பெருங்குறையாகப் பட்டதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அன்று நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 2024 ஆகஸ்ட் 10, சனிக்கிழமை. பாரிஸை அடுத்த லெ பூர்ஜேயில் பெண்களுக்கான போல்டர், லீட் என்ற இரு பிரிவுகளின் கூட்டுப் போட்டியின் இறுதிச் சுற்று நம் நேரப்படி பிற்பகலில் நடந்தது. கயிறில்லாமல் தாழ்வான சுவரில் ஏறும் போல்டர் பகுதிதான் முதலில். அதில் பிடிகளை வைத்து அமைத்த ஏறுவழிகளான தடங்கள் நான்கு. முதல் தடத்தின் தொடக்கப் பிடியை, நின்ற இடத்திலிருந்து கையை உயர்த்திப் பற்ற முடியாது, தாவித்தான் பற்றவேண்டும். 154 செ.மீ. உயரமுள்ள மோரி தாவினார். பிடி வசப்படவில்லை, மெத்தையில் வந்து இறங்கினார். மீண்டும் தாவினார், மீண்டும் இறங்கினார். கொடுத்த நேரம் தீரும்வரை அவரால் அந்தச் சுவரில் நிலைகொள்ள முடியவில்லை. கணக்கில் 0 விழுந்தது. அவரைவிட ஒரு விரற்கடை உயரம் குறைந்த நான், தொலைக்காட்சியின் முன்னால் என்னையறியாமல் குதிகாலைத் தூக்கி நின்றுகொண்டிருந்தேன்.

அந்தத் தடத்தை அமைத்ததில் குறை உண்டா என்று கேட்டால், உண்டு என்றே நான் சொல்வேன். இறுதிச் சுற்றுக்கு வந்த எட்டுப் பேரையும் தரம் பிரித்துக் காட்டுவது தடம் அமைப்பவர்களின் வேலை; அதற்காக அவர்கள் கடினமான நகர்வுகளை வைக்கத்தான் வேண்டும். ஆனால் நடுச்சுவரில் வரும் கடினமும் தரையிலேயே நிற்கும் கடினமும் ஒன்றல்ல. நான் உள்ளரங்கச் சுவர் ஒன்றில் வாரம் இருமுறை ஏறிப் பழகுகிறேன். நடுவழியில் ஒரு பிடி எட்டாவிட்டால், காலை இடுப்பளவுக்கு உயர்த்தி வைத்தோ, குதிகாலை ஒரு விளிம்பில் கொக்கிபோல் மாட்டியோ, உயரமானவர்கள் கண்ணில்கூடப் படாத ஒரு சிறு மேட்டை விரல்நுனியால் அழுத்தியோ வேறு வழி தேடிக்கொள்ளலாம். குட்டையானவர்களின் கலையே அதில்தான் இருக்கிறது. தொடக்கப் பிடியில் அந்த வாய்ப்பு இல்லை. கீழே மெத்தை, மேலே பிடி, நடுவில் வெறும் தாவல். ஏறும் திறனைச் சோதிப்பதற்கு முன்பே ஒருவரை வெளியே நிறுத்திவிடும் பிடி, அவருடைய ஏற்றத்தைப் பற்றி நமக்கு எதையும் தெரிவிப்பதில்லை.

அதேவேளையில், உயரம் ஒன்றே காரணம் என்று எழுதுவதும் சரியாகாது. வெள்ளி வென்ற அமெரிக்காவின் புரூக் ரபூடூ, மோரியைவிடச் சற்றே உயரமானவர். அவர் நான்கு தடங்களிலும் புள்ளி எடுத்து 84.0 பெற்றார். மோரியின் பலம் நிதானத்திலும் நீடித்து நிற்கும் ஆற்றலிலும் இருக்கிறது, தாவலில் இல்லை. அவரை மதிப்பவர்கள் இதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

கட்டுரையாளர் புள்ளிக் கணக்குக்குள் போகவே இல்லை. போயிருந்தால் சுவையான ஒன்று தென்பட்டிருக்கும். மூன்றாமிடம் பெற்ற ஆஸ்திரியாவின் ஜெசிகா பில்ஸ் எடுத்தது 147.4, நான்காமிடம் பெற்ற மோரி எடுத்தது 135.1. இடைவெளி 12.3. ஒரு போல்டர் தடத்தில் வழியில் குறிக்கப்பட்ட முதல் இடைநிலையை எட்டினால் 5 புள்ளி, இரண்டாவதை எட்டினால் 10, உச்சியைப் பிடித்தால் 25. தவறிய ஒவ்வொரு முயற்சிக்கும் 0.1 கழிவு. ஆகவே அந்த முதல் பிடி மோரிக்கு எட்டியிருந்து, அவர் இரண்டாம் இடைநிலைவரை போயிருந்தாலும் பதக்கம் கிடைத்திருக்காது. உச்சியையே பிடித்திருந்தாலோ கிடைத்திருப்பது வெண்கலம் அல்ல, வெள்ளி. ஏனென்றால் ரபூடூவின் மொத்தம் 156.0. 'ஒரு பிடி பதக்கத்தைப் பறித்தது' என்ற வாக்கியத்துக்குள் இத்தனை 'இருந்தால்'கள் ஒளிந்திருக்கின்றன.

இனி, கட்டுரையில் ஒரே வரியில் கடந்துபோன லீட் பகுதிக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை அன்றைய நாளின் சிறப்பே அதில்தான் இருந்தது. லீட் என்பது இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, வழியெங்கும் தொங்கும் கொக்கிகளில் அதை மாட்டியபடியே, முன்னோக்கிச் சாய்ந்த உயரமான சுவரில் ஏறுவது. வாய்ப்பு ஒன்றே ஒன்று. நேரம் 6 நிமிடம். கை நழுவினால் அத்தோடு முடிந்தது. பாதி உயரம் கடப்பதற்குள் முன்கை கல்லாக இறுகி, விரல்கள் தாமாகவே விரியத் தொடங்கிவிடும். ஏறுபவர்கள் இதைப் 'பம்ப்' ஆகிவிட்டது என்பார்கள். மோரி இந்த இடத்தில்தான் மற்றவர்களிடமிருந்து வேறுபடுகிறார். பிறர் அவசரப்படும் இடத்தில் அவர் நிற்கிறார். ஒரு கையில் தொங்கியபடி மறு கையை உதறுகிறார். மூச்சை இழுத்து விடுகிறார். பிறகு கையை மாற்றிக்கொண்டு, மேலே உள்ள பிடியை, அலமாரியின் மேல்தட்டிலிருந்து எதையோ எடுப்பவரைப்போல, மெதுவாகப் போய்ப் பற்றுகிறார். உடலில் துள்ளல் தெரியாது. அந்த அமைதியைப் பார்ப்பதற்காகவே நான் லீட் போட்டிகளை விடாமல் பார்க்கிறேன்.

அன்று லீட்டில் அவர் எடுத்தது 96.1. எட்டுப் பேரில் அதுவே உச்சம். லீட்டின் முழுப்புள்ளி 100, கடைசிப் பத்துப் பிடிகளுக்குத் தலா 4 புள்ளி என்பதால், அந்த எண்ணின் பொருள் வெளிப்படை: ஒரே ஒரு பிடி நீங்கலாக எல்லாவற்றையும் வசப்படுத்தி, அந்தக் கடைசிப் பிடியை நோக்கியும் நகர்ந்திருக்கிறார். தங்கம் வென்ற ஸ்லோவேனியாவின் யான்யா கார்ன்பிரெட் அதே சுவரில் மோரியைவிட மூன்று பிடிகள் குறைவாக 84.1 எடுத்தார், பில்ஸ் இரண்டு பிடிகள் குறைவாக 88.1 எடுத்தார். முதல் சுவரில் தரையை விட்டு எழும்ப முடியாமல் போன ஒருவர், சில மணி நேரத்திற்குள் அந்த உயரத்தைத் தொட்டார் என்பது கட்டுரையில் இடம்பெறவே இல்லை.

இது ஒருநாள் அதிசயமும் அல்ல. 2019 ஆகஸ்டில் ஜப்பானின் ஹச்சியோஜியில் நடந்த உலகப் போட்டியில் லீட் வெண்கலம் வென்றபோது மோரிக்கு வயது 15. அப்போதைய ஒலிம்பிக் முறையில், யார் வேகமாக ஏறுகிறார் என்று பார்க்கும் ஸ்பீட், போல்டர், லீட் மூன்றையும் ஒருவரே ஏறியாகவேண்டும். அந்தக் கூட்டுப் போட்டியிலும் அவர் ஆறாவதாக வந்தார். ஆனால் ஒரு நாட்டுக்கு இரண்டு பெண்கள் என்பதே டோக்கியோ ஒலிம்பிக்கின் வரம்பு. மிஹோ நொனாகாவும் அகியோ நொகுச்சியும் போனார்கள். வெள்ளியும் வெண்கலமும் கொண்டுவந்தார்கள். 2019க்குப் பின் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் உலகக் கோப்பைச் சுவர்களில் மோரியைக் காண முடியவில்லை. 2022 செப்டம்பரில் திரும்பி வந்தவர், ஸ்லோவேனியாவின் கோப்பரில், கார்ன்பிரெட்டின் சொந்த மண்ணிலேயே அவரை முந்தித் தங்கம் வென்றார். சுகுபா பல்கலைக்கழக மாணவியாக இருந்த 2023இல், பெர்ன் நகரில் லீட் உலகப் பட்டத்தையும் கைப்பற்றினார். அங்கேயும் இரண்டாமிடம் கார்ன்பிரெட்டுக்குத்தான். அதே பெர்னில் கூட்டுப் போட்டியில் பெற்ற வெண்கலமே அவரைப் பாரிஸுக்கு அனுப்பியது. இத்தனையையும் விட்டுவிட்டு உயரத்தை மட்டும் எப்படி எழுத முடிந்தது என்பது எனக்கு விளங்கவில்லை. அதே பாரிஸில் ஆண்கள் பிரிவில் 17 வயதில் வெள்ளி வென்ற ஜப்பானிய வீரர் சொராடோ அன்ராகுவைப் பற்றி எழுதுபவர்கள் அவருடைய உயரத்தில் தொடங்குவதில்லையே!

கட்டுரையாளர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறொன்று என்று நினைக்கிறேன். இயல்பில் வேறான விளையாட்டுகளை ஒரே பதக்கத்துக்குள் அடக்கியது ஏன்? டோக்கியோவில் மூன்றையும் சேர்த்தார்கள். பாரிஸில் ஸ்பீடைப் பிரித்துவிட்டு மற்ற இரண்டையும் சேர்த்தே வைத்தார்கள். நூறு மீட்டர் ஓட்டக்காரரையும் நீண்டதூர ஓட்டக்காரரையும் ஒரே பட்டியலில் நிறுத்தினால் இருவருக்குமே குறைதான் நேரும். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் போல்டருக்குத் தனிப் பதக்கம், லீட்டுக்குத் தனிப் பதக்கம் என்று முடிவாகியிருக்கிறது. அப்போது மோரிக்கு 24 வயது. அவர் அங்கே போட்டியிட்டால், தாம் மிகச் சிறப்பாக ஏறும் சுவரில், அந்தச் சுவருக்கென்றே உள்ள பதக்கத்துக்காக ஏறுவார்.

அதற்குமுன் தங்கள் இதழில் அவரைப் பற்றி மீண்டும் எழுத வாய்ப்பு வந்தால், தரையிலிருந்து தாவும் படத்தை விடுத்து, பாரிஸ் லீட் சுவரின் உச்சியருகே அவர் ஏறும் படம் ஒன்றை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
கோயம்புத்தூர்