டயரை மாற்றிவிட்டுப் புறப்படு

குலசேகரம்

அன்பு மகனுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். நந்தி மலையில் வண்டியோடு நின்று நீ அனுப்பிய படத்தை அம்மா தெரு முழுக்கக் காட்டிவிட்டாள். பிள்ளை மெலிந்துபோய்விட்டான் என்பது அவளுடைய கவலை. நான் படத்தைப் பெரிதாக்கி உன் பின் சக்கரத்தைப் பார்த்தேன். பஸ் டெப்போவின் டயர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்குக் கண் வேறு எங்கே போகும்? வளைந்து இருக்க வேண்டிய டயர் நடுவில் தட்டையாகிக் கிடக்கிறது. நடுப்பள்ளம், அதைச் சுற்றி மேடாக நிற்கும் பட்டன், இரண்டும் இருந்த அடையாளமே இல்லை.

போனில் கேட்டபோது, "ஓரத்தில் பட்டன் நிறைய இருக்கிறது அப்பா, கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்துவிட்டுப் போய் மாற்றிக்கொள்கிறேன்" என்றாய். அதற்கு மேல் நான் பேசவில்லை. போனில் எதைச் சொன்னாலும் "சரி அப்பா" என்பாய். அதோடு அது முடிந்துவிடும். எழுதினால் ஒருமுறையாவது படிப்பாய் அல்லவா?

ஓரத்தில் பட்டன் இருப்பது உண்மைதான். நீ ஓட்டுவது முழுவதும் பெங்களூரின் நேர் சாலையில். ஓரம் எப்படித் தேயும்? நிமிர்ந்து ஓடும் வண்டியில் சாலையைத் தொடுவது டயரின் நடுப்பகுதி மட்டும்தான். அதுவும் ஓர் உள்ளங்கை அளவு இடம். எஞ்சின் இழுக்கிற இழுவை முழுவதும் பின் டயரின் அந்த இடத்தில்தான் விழுகிறது. அதனால்தான் முன் டயரைவிடப் பின் டயர் சீக்கிரம் தேய்கிறது. நடு தட்டையானால் தட்டைக்கும் ஓரத்துக்கும் நடுவில் ஒரு விளிம்பு உருவாகும். வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது முதலில் சாய மறுக்கும். பிறகு அந்த விளிம்பைத் தாண்டியதும் சட்டென்று விழுவதுபோல் சாயும். நேர் சாலையிலேயே ஓட்டுகிறவனுக்கு இது தெரியவே தெரியாது. தர்மபுரி தாண்டித் தொப்பூர் கணவாயில் இறங்கும்போது, பின்னால் ஒரு லாரி ஆரன் அடித்துக்கொண்டு வரும்போது, அங்கேதான் தெரியவரும்.

ஓரத்துப் பட்டனைப் பார்த்து டயரை எடை போடாதே. டயரின் பக்கச்சுவரில் டி.டபிள்யூ.ஐ. (TWI) என்ற எழுத்தோ சிறு முக்கோணமோ இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் பார். குறுக்கே ஒரு சின்ன ரப்பர் மேடு தெரியும். நம் வண்டிகளின் டயரில் அதன் உயரம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் காலம் முடிந்தது. ஒரே இடத்தில் பார்த்துவிட்டு எழுந்துவிடாதே. சக்கரத்தை மெதுவாகச் சுழற்றி நான்கைந்து இடத்தில் பார்.

"காய்ந்த சாலையில் நன்றாகத்தான் பிடிக்கிறது" என்றும் சொன்னாய். அதையும் மறுக்க மாட்டேன். பந்தயத்தில் ஓடும் மோட்டார் சைக்கிள்களுக்குக் காய்ந்த தரையில் பட்டனே இல்லாத டயரைத்தான் மாட்டுகிறார்கள். மென்மையான ரப்பர், போர்வை போட்டுச் சூடாக்கி வைத்து மாட்டுவார்கள். ஆனால் தரை நனைந்துவிட்டால் அவர்களே பள்ளம் வெட்டிய மழை டயருக்கு மாறிவிடுகிறார்கள். பள்ளம் இருப்பதே தண்ணீருக்காகத்தான். சக்கரத்துக்கு அடியில் வரும் தண்ணீரை அது வாங்கிப் பக்கவாட்டில் தள்ளிவிடும். தள்ள வழியில்லாவிட்டால் ரப்பருக்கும் சாலைக்கும் நடுவே தண்ணீர் தங்கிவிடும். நீ பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் அது தண்ணீர் மேல் அழுத்துவதுதான். மொட்டை டயர் பத்து மாதம் ஒழுங்காக ஓடும்; மழை பெய்கிற ஒரு சாயங்காலம் கைவிட்டுவிடும். ஆகவே இதுவரை ஓடியது எதற்கும் சாட்சி ஆகாது.

நீ வரப்போவது டிசம்பரில். வடகிழக்குப் பருவமழை நம் தென்மாவட்டங்களை எப்படி நனைக்கும் என்பதை மறந்துவிட்டாயா? 2023 டிசம்பர் நடுவில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. திருநெல்வேலி, தூத்துக்குடி இரண்டும் வெள்ளத்தில் மிதந்தன. அந்த அளவு மழை வேண்டாம், ஒரு சிறு தூறல் போதும். நெடுநாள் காய்ந்த சாலையில் முதல் தூறல் விழும்போது தூசியும் சிந்திய எண்ணெயும் கலந்து மேலே மிதக்கும். அந்த முதல் சில நிமிடங்கள்தான் பெருமழையைவிட மோசம். வெள்ளைக் கோடு, மேம்பாலத்து இணைப்பில் இருக்கும் இரும்புப் பட்டை, இவற்றின் மேல் வண்டி இருக்கும்போது பிரேக்கைத் தொடவே கூடாது.

பிரேக்கில் ஏ.பி.எஸ். இருக்கிறதே என்பாய். 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகள் எல்லாவற்றுக்கும் 2019 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம், நல்ல விஷயம்தான். ஆனால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதோடு அதன் வேலை முடிந்தது. இல்லாத பிடிமானத்தை அது எங்கிருந்து கொண்டுவரும்? 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடுகிறது. டயரின் பிடி பாதியானால் பிரேக் போட்டபின் வண்டி நிற்கும் தூரம் இரட்டிப்பாகும். இதைக் கணக்குப் போட நான் பொறியியல் படிக்கவில்லை, நீ படித்திருக்கிறாய்.

காற்றடைத்த டயரே ஓர் அப்பன் தன் மகனுக்காகச் செய்ததுதான், தெரியுமா? பெல்பாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், 1888-இல், மகனுடைய மூன்று சக்கர சைக்கிள் அதிராமல் ஓடவேண்டும் என்று ரப்பர் குழாயில் காற்றை அடைத்துச் சக்கரத்தில் கட்டினார். 1845-இலேயே தாம்சன் என்பவர் இதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். அது பரவாமல் மறந்துபோயிற்று. பிள்ளைக்காகச் செய்த டயர்தான் உலகம் முழுக்க ஓடியது.

ரப்பரைப் பற்றி உனக்கு நான் சொல்லவும் வேண்டுமா? பள்ளிக்கூடம் போகும் முன்னால் நம் தோட்டத்தில் சிரட்டையைக் கவிழ்த்துப் பால் சேர்த்துக்கொண்டு வந்தவன் நீ. ஷீட்டை உருட்டி எடுத்து வெயிலில் மறந்து விட்டால் என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறாய். வெயிலும் காற்றும் ரப்பரின் எதிரிகள். டயரில் கரித்தூளும் மெழுகும் வேறு மருந்துகளும் கலந்து அந்தச் சேதத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். தடுக்க முடியாது. ஓடுகிற டயர் அசைந்து கொடுக்கும்போது உள்ளிருக்கும் மெழுகு மேலே கசிந்து காக்கும். மாதக்கணக்கில் வெயிலில் நின்ற வண்டியின் டயரில் பட்டன் முழுசாக இருந்தாலும் பக்கச்சுவரில் நுண்ணிய வெடிப்புகள் ஓடியிருக்கும். விரல் நகத்தால் அழுத்திப் பார். புது ரப்பர் நகத்துக்கு இடம் கொடுத்து மீளும், காய்ந்துபோனது கொடுக்காது.

அதனால் டயர் வாங்கும்போது பிறந்த தேதியைப் பார்த்து வாங்கு. பக்கச்சுவரில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள்தான் அது. 3224 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம். கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததும் கையில் வாங்கித் திருப்பிப் பார்க்க வெட்கப்படாதே. மூன்று வருடம் கோடவுனில் கிடந்ததைத் தள்ளுபடி என்று நீட்டினால் வேண்டாம் என்று சொல்.

அளவையும் மாற்றாதே. உன் பின் டயரில் 100/90-17 55பி (55P) என்று இருக்கிறது. அகலம் 100 மில்லிமீட்டர். உயரம் அகலத்தில் 90 சதவீதம். ரிம் 17 அங்குலம். 55 என்பது 218 கிலோ சுமை, பி என்பது மணிக்கு 150 கிலோமீட்டர். அகலமான டயர் போட்டால் வண்டி கம்பீரமாக இருக்கும் என்று உன் நண்பர்கள் சொல்வார்கள். அதே ரிம்மில் அகல டயரைத் திணித்தால் அது பிதுங்கி வடிவம் கெடும், மைலேஜ் குறையும், செயின் கவரில் உரசவும் செய்யும். கம்பீரம் வேண்டுமானால் முடி வெட்டிக்கொள், போதும்.

பழைய டயரில் சூட்டுக் கத்தியால் புதிதாகக் கோடு கீறிப் புதுசுபோல் விற்பார்கள். அந்தப் பக்கமே போகாதே. டெப்போவில் நாங்கள் ரீட்ரெட் செய்த, அதாவது தேய்ந்ததன் மேல் புது ரப்பர் ஒட்டிய டயரைத்தானே போட்டோம் என்று கேட்பாய். போட்டோம், பஸ்ஸுக்குப் பின்னால். பின் அச்சில் ஒரு பக்கத்துக்கு இரண்டு டயர். ஒன்று போனால் இன்னொன்று தாங்கும். திசை திருப்பும் முன் சக்கரத்தில் எப்போதும் புதுசுதான். உன் வண்டியில் மொத்தமே இரண்டு டயர்.

மாட்டும்போது பக்கத்திலேயே நில். டயரில் அம்புக்குறி இருக்கும். சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசையை அது காட்ட வேண்டும். மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேராக வரவேண்டும், டயரின் எடை குறைந்த இடம் அது. டியூப்லெஸ் ஆகையால் வால்வையும் சேர்த்தே மாற்றச் சொல். ரிம் விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவட்டும், எண்ணெய் வேண்டாம். பின் சக்கரத்தை மீண்டும் பூட்டும்போது செயின் தளர்வு சரியா என்றும், இரண்டு பக்கத்து அடையாளக் கோடும் ஒரே எண்ணில் நிற்கிறதா என்றும் பார்த்துக்கொள். கடையை விட்டுக் கிளம்பும் முன் பிரேக்கை நான்கைந்து தடவை மிதித்துப் பார்.

புது டயர் மேல் வழுக்கல் இருக்கும். முதல் 100, 150 கிலோமீட்டர் வேகமும் சாய்ப்பும் வேண்டாம். அதனால்தான் சொல்கிறேன், புறப்படும் நாள் காலையில் மாற்றிக்கொண்டு கிளம்பாதே. இரண்டு வாரம் முன்பே மாற்றி ஊருக்குள் ஓட்டிப் பழக்கு. பளபளப்புக்கு என்று பாலிஷ் எதையும் தடவ விடாதே. பட்டனில் பட்டால் வழுக்கும்.

காற்றைக் குளிர்ந்த டயரில் பார். பெட்ரோல் பங்க் வரை ஓட்டிப்போய்ச் சூடான டயரில் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும். எவ்வளவு காற்று என்பது செயின் கவரிலோ அதன் அருகிலோ ஒட்டியிருக்கும். தனியாகப் போனால் ஒன்று, பின்னால் ஆளோ மூட்டையோ இருந்தால் இன்னொன்று. காற்றுக் குறைவான டயர் உள்ளுக்குள் மடங்கி மடங்கிச் சூடாகும். பகல் வெயிலில் கரூர், திண்டுக்கல் வழியாக ஓடும்போது அந்தச் சூடு எங்கும் போகாது.

ஒரு நல்ல பின் டயருக்கு இரண்டாயிரம், மூவாயிரம் ஆகும். ஹெல்மெட்டில் பாட்டுக் கேட்கும் கருவிக்கு நீ கொடுத்த பணம் எவ்வளவு என்று எனக்கும் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. முன் டயரையும் கடைக்காரரிடம் காட்டு. அதில் உள்ளங்கையை முன்னும் பின்னும் தடவும்போது ஒரு பக்கம் வழவழப்பும் மறுபக்கம் முனை குத்துவதுமாக இருந்தால் அதையும் சேர்த்து மாற்று.

மாற்றியதும் புது டயரின் பிறந்த தேதியைச் சொல்லும் அந்த நான்கு எண்களையும் படம் பிடித்து எனக்கு அனுப்பு. டிசம்பர் பிறந்தும் படம் வராவிட்டால் ஐலண்ட் எக்ஸ்பிரஸில் உனக்கு டிக்கெட் போட்டுவிடுவேன். குழித்துறையில் இறங்கு, நான் வந்து அழைத்துக்கொள்கிறேன். அம்மா மரச்சீனிக் கிழங்கும் மீனும் வைத்திருப்பாள். வண்டி பெங்களூரிலேயே நிற்கட்டும்.

அன்புடன்,
அப்பா