பினாங்கு (மலேசியா) வட்டாரச் சங்கத்தின் ஆண்டறிக்கை – 2025

தலைவர் அவர்களுக்கும் செயலவை உறுப்பினர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை காலையில் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். போன ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை) சேரவே ஐம்பது நிமிடம் பிடித்தது. எதிர் உணவுக்கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்த மூவரை அழைத்து வந்துதான் கூட்டத்தைத் தொடங்கினோம். இந்த முறை அப்படி ஆகாது என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

செயலவை ஆறு முறை கூடியது. பொங்கல் விழா வழக்கம்போல நடந்தது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் பந்தல் போட்டு மோர் கொடுத்தோம். கோத்தோங் ரோயோங் என்ற கூட்டுப்பணி இரண்டு முறை, அதில் ஒன்றை மழை கெடுத்தது. குடும்ப தினம் நடக்கவில்லை. பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பவேண்டிய ஆண்டறிக்கையை 57ஆம் நாளில் அனுப்பிவிட்டோம். தாமதம் என்று புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) எழுதியவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ளவும்.

அடுத்தது ஆறாம் படிவ மாணவர் பாராட்டு விழா. இதைப் பற்றி வெளியே பல பேச்சு நடப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

யூபிஎஸ்ஆர் என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கிய பிள்ளைகளுக்குப் பரிசு கொடுத்துப் பழகிய சங்கம் இது. 2021இல் அந்தத் தேர்வே போய்விட்டது, மறு ஆண்டு மூன்றாம் படிவத் தேர்வான பிடி3யும் போனது. மிச்சம் இருப்பது ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்பிஎம். ஆனால் எஸ்பிஎம்மில் 10ஏ எடுத்த பிள்ளைக்குக் கோயிலிலும் கூட்டுறவுக் கழகத்திலும் இன்னும் இரண்டு மேடையிலும் பொன்னாடை விழுந்துவிடுகிறது, ஐந்தாவதாக நாமும் ஒன்று போடுவோம். 10ஏ எடுத்த எல்லாருக்கும் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசுப் படிப்பான மெட்ரிகுலேஷனில் இடம் உண்டு என்று அரசாங்கமும் 2024இல் அறிவித்தது. மகிழ்ச்சி. சரி, ஐந்து ஏ எடுத்தவன் எங்கே போகிறான்?

பலர் ஆறாம் படிவத்துக்கு, அதாவது எஸ்டிபிஎம் தேர்வுக்கான படிப்புக்கு. மெட்ரிகுலேஷனில் ஓராண்டில் முடிவதை இவர்கள் பள்ளிச் சீருடையிலேயே ஒன்றரை ஆண்டு படிக்கிறார்கள். மூன்று பருவம், ஒவ்வொன்றுக்கும் தனித்தேர்வு. பெங்காஜியான் ஆம் என்ற பொதுப்பாடம் எல்லாருக்கும் கட்டாயம். அதோடு இன்னும் மூன்று பாடம், மதிப்பெண்ணுக்குச் செய்து ஒப்படைக்கும் இடுபணி, மூயெட் என்ற ஆங்கிலத் தேர்வு. ஏ என்றால் 4.00, ஏ மைனஸ் என்றால் 3.67 என்று புள்ளி புள்ளியாகச் சேர்க்கவேண்டும். பல்கலைக்கழகம் முதலாண்டில் கேட்கும் படிப்புக்குப் பள்ளியிலேயே தயாராகிறவர்கள் இவர்கள். ஆனாலும் நம் சொந்தக்காரர்களிடம் "பிள்ளை ஆறாம் படிவம்" என்று சொன்னால் "ஐயோ, வேறு ஒன்றும் கிடைக்கலையா?" என்பதுதான் பதில்.

இந்த யோசனை எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை மகளிடம் இருந்துதான். அங்கே உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் ஏபி என்று கல்லூரி முதலாண்டுத் தரத்தில் பாடங்களை எடுத்துப் படிக்கிறார்கள். காலேஜ் போர்டு என்ற அமைப்பு 1955இலிருந்து இதை நடத்தி வருகிறது. மே மாதத்தில் தேர்வு, ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண். மூன்று தேர்வில் மூன்றோ அதற்கு மேலோ வாங்கினால் 'ஏபி ஸ்காலர்' என்ற பட்டம். ஐந்து தேர்வில் அப்படி வாங்கி மொத்தச் சராசரியும் 3.5ஐத் தொட்டால் அதற்கு மேலே ஒரு சிறப்புப் பட்டம். பணம் எவ்வளவு தருவார்கள் என்று கேட்டேன். "பணமெல்லாம் கிடையாது மாமா, வெறும் சான்றிதழ்தான்" என்றாள். நம் சங்கத்துக்குத் தோதான பரிசு என்று அந்த நிமிடமே எனக்குப் பட்டது. ஆறாம் படிவத்தில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு, முடிவு வருமுன்பே ஒரு சான்றிதழ் கொடுத்துப் பாராட்டலாம் என்று செயலவையில் முன்மொழிந்தேன்.

பொருளாளர் செயலவையில் ஒரு நியாயமான கேள்வி கேட்டார்: "அங்கேயும் மதிப்பெண் வந்த பிறகுதானே கொடுக்கிறார்கள்? நாம் எதற்கு முன்னாலேயே?" அவர் சொன்னது சரிதான். ஆனால் நம் தாமானிலேயே (குடியிருப்பிலேயே) இரண்டு பையன்கள் முதல் பருவத்தோடு நின்று பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் போய்விட்டார்கள். முடிவு வரும்வரை நாம் காத்திருந்தால் அப்படிப்பட்டவர்கள் காத்திருக்கமாட்டார்கள். ஐந்துக்கு நான்கு என்ற வாக்கில் தீர்மானம் நிறைவேறியது. செயலாளருக்கும் வாக்கு உண்டு, சட்டவிதியைப் பார்க்கவும்.

நான்கு பள்ளிகளுக்குக் கடிதம் எழுதினோம். இரண்டு பதில் போட்டன. ஒரு பள்ளி அலுவலகத்தில் மூன்று முறையும் கடிதம் வரவில்லை என்றார்கள், நான்காம் முறை நானே மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைசியில் பதினொரு பிள்ளைகள் கிடைத்தார்கள். அதில் ஒரு பெண் தமிழ்மொழியையும் எஸ்டிபிஎம் பாடமாக எடுத்திருக்கிறாள். அவள் பள்ளியில் அதற்கு வகுப்பு இல்லை, சனிக்கிழமைகளில் பேருந்து ஏறிப்போய்ப் படிக்கிறாள்.

மண்டபத்தில் 120 நாற்காலி போட்டோம். வந்த உறுப்பினர்கள் பதினான்கு பேர். செயலவையிலேயே மூவர் வரவில்லை. அன்று மதியம் கேமரன் மலையில் தேநீர் குடிக்கும் படத்தைப் புலனத்தில் போட்டவரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. பிரியாணி மிஞ்சியதற்கும் பாராட்டு விழாவுக்கும் சம்பந்தமில்லை, வருவதாகச் சொல்லிவிட்டு வராதவர்களுக்குத்தான் சம்பந்தம்.

ஒரு பையன் பெட்ரோல் நிலைய வேலை முடிந்து நேராக வந்தான். கம்பெனிச் சட்டைக்கு மேல் அப்பாவின் வெள்ளைச் சட்டையை மாட்டியிருந்தான், கை விரல்வரை தொங்கியது. சான்றிதழில் அவன் அப்பா பெயருக்குப் பதில் முந்தைய மாணவனின் அப்பா பெயர் இருந்தது. பிழை என்னுடையது, இரவு ஒரு மணிக்குத் தட்டச்சு செய்தேன். "பரவாயில்ல அங்கிள், பேனாவுல திருத்திக் கொடுங்க" என்றான். பிரேமைக் கழற்றி, மேடை ஓரத்தில் வைத்துத் திருத்திக் கொடுத்தேன். அவன் அம்மா அதைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, "டிவிக்கு மேல மாட்டப் போறேன், வர்றவங்க பார்க்கட்டும்" என்றார்.

கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வரவும் செலவும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன, கையிருப்பு மட்டும் சற்றே குறைவு. விழாச் செலவு ஒதுக்கியதைக் கொஞ்சம் தாண்டியது உண்மைதான். பிரேம் கடை ரசீது ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அது கிடைக்காவிட்டால் அந்தத் தொகை என் கணக்கில் போகட்டும்.

சந்தா ஆண்டுக்கு 24 வெள்ளி (ரிங்கிட்). மாதத்துக்கு ஒரு தே தாரிக் (தேநீர்) காசு. 86 உறுப்பினர்களில் கட்டியவர்கள் 31 பேர். மூன்றாண்டு பாக்கி வைத்திருப்பவர்கள்தான் செலவுக் கணக்கை அதிகம் கேட்கிறார்கள்.

மண்டபம் தந்த ஆலய நிர்வாகத்துக்கும், ஒலிபெருக்கி தந்தவருக்கும், சமையலில் உதவிய மகளிருக்கும், இதர நல்லுள்ளங்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு இப்போதே ஏழு பெயர்கள் வந்துவிட்டன. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் மூவர் நம் உறுப்பினர்கள். மாதம் ஒரு சனிக்கிழமை பெங்காஜியான் ஆம் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுத்தால் போதும். நான் ஏழாண்டாகச் செயலாளர். வேறு யாராவது முன்வந்தால் மூன்று பெட்டிக் கோப்புகளையும் இன்றே ஒப்படைக்கிறேன், காரில்தான் இருக்கின்றன. விழாவுக்கு வர முடியாத இரண்டு பிள்ளைகளின் சான்றிதழ்களும் அதே காரில்தான் இருக்கின்றன, அவர்கள் வீட்டுப் பக்கம் போகிறவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

கூட்டம் முடிந்ததும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலருகே உட்கார்ந்திருப்பார். பின்வாசல் இன்று பூட்டியிருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்
பினாங்கு