கிசில்பாஷ்கள் கூலிப்படை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த ஈரான் வரலாற்றுக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். சஃபவி மன்னர்களைப் பற்றி விரிவாக எழுதிவிட்டு, அவர்களுக்கு அரசையே பிடித்துக் கொடுத்த துருக்மேன் குலங்களைக் 'கூலிப்படை' என்று ஒரே சொல்லில் முடித்திருப்பது மனதை உறுத்துகிறது.

முப்பது வருடம் பள்ளியில் வரலாறு நடத்தியவள் நான். ஹுமாயூன் ஈரானுக்குத் தப்பிப்போகும் பாடம் வந்தால், சிவப்புக் கலர் பேப்பரைப் பன்னிரண்டு மடிப்பாக மடித்துத் தொப்பி செய்து முன்பெஞ்சுப் பிள்ளையின் தலையில் வைப்பேன். ஷியா முஸ்லிம்கள் போற்றும் பன்னிரண்டு இமாம்களுக்குப் பன்னிரண்டு மடிப்பு. அந்தத் துருக்மேன் வீரர்கள் அணிந்த இந்த மாதிரிச் சிவப்புத் தொப்பியால்தான் அவர்களுக்குக் கிசில்பாஷ், அதாவது செந்தலையர், என்று பெயர். 1545-ல் ஹுமாயூன் கந்தகாரைப் பிடித்ததும் அவர்கள் துணையோடுதான்.

1500-ல், இன்றைய துருக்கியில் உள்ள எர்சிஞ்சானில் உஸ்தாஜ்லு, ஷாம்லு, ரூம்லு என்று குலம் குலமாக ஏழாயிரம் பேர் திரண்டபோது, பிற்பாடு முதல் சஃபவி மன்னரான இஸ்மாயிலுக்கு வயது 13. அந்தப் பையனிடம் சம்பளம் கொடுக்க என்ன இருந்தது? அவர்களுக்கு அவர் குரு. மறுவருடம் ஈரானின் தப்ரீஸ் நகரம் கைக்கு வந்தது. அப்புறம் குலத்தலைவர்களுக்கு மாகாணங்கள், பதிலுக்கு மன்னருக்குக் குதிரைப்படை. நம் பாளையக்காரர்கள் மதுரை நாயக்கர்களுக்குப் படை அனுப்பிய மாதிரிதான். எட்டயபுரத்தாரையோ பாஞ்சாலங்குறிச்சியாரையோ கூலிப்படை என்போமா?

1514-ல் சால்திரான் போர். எதிரிகளான ஒட்டோமான் துருக்கியர் பீரங்கிகளை வரிசையாக நிறுத்துவதற்குள் பாய்ந்துவிடலாம் என்றார் கிசில்பாஷ் தளபதி முகமது கான் உஸ்தாஜ்லு. இன்னொரு கிசில்பாஷ் தளபதி துர்மிஷ் கான் ஷாம்லு மறுத்தார். மன்னர் ஷா இஸ்மாயிலும் துர்மிஷ் பக்கம் சாய்ந்தார். தன் பேச்சு எடுபடாவிட்டாலும் முகமது கான் களத்தில் நின்று போரிட்டு, அங்கேயே உயிரை விட்டார்.

சரி, அவர்களிடம் குறையே இல்லை என்று சொல்லவில்லை. 1524-ல் இஸ்மாயிலின் மகன், பத்து வயது தஹ்மாஸ்ப் பட்டத்துக்கு வந்ததும், அதிகாரத்துக்காக ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு நாட்டைப் பாடாய்ப் படுத்தினார்கள். பிற்பாடு வந்த சஃபவி மன்னர் ஷா அப்பாஸ் ஜார்ஜியர், ஆர்மீனியர், சர்க்காசியரை வைத்துக் கஜானாவிலிருந்தே சம்பளம் கொடுத்துத் தனிப்படை அமைத்தது இவர்களை அடக்கத்தான்.

அடுத்த ஞாயிறு ஒரு சின்னத் திருத்தம் போடுங்கள். மாவட்ட மைய நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் உங்கள் இணைப்பைப் பார்த்துக் குறிப்பெடுக்கிறார்கள். 'கிசில்பாஷ் – கூலிப்படை' என்று ஒரு பெண் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டிருந்ததை நேற்றுதான் பார்த்தேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
பாளையங்கோட்டை.